வார்டனுக்கும் திறவாத அறை

அதிகாரம் கையில் இருந்தால் எல்லாக் கதவுகளும் தாமே திறந்துவிடும் என்று நினைப்பது மனித இயல்பு. கணினி உலகிலும் இந்த நினைப்பு உண்டு. ஒருவரை ஒரு சர்வருக்கு நிர்வாகியாக, நம் பேச்சு வழக்கில் சொன்னால் 'அட்மின்' ஆக, அமர்த்திவிட்டால், அந்தச் சர்வரிலுள்ள எந்த ஃபோல்டரையும் அவர் திறந்து பார்க்கலாம் என்றே பலரும் கருதுகிறோம். நானும் அப்படித்தான் கருதியிருந்தேன், சென்ற நவம்பர் மாதத்தில் ஓர் இரவு வரும் வரையில். அன்று என் எண்ணம் பொய்த்தது. அதோடு நின்றிருந்தால் தாழ்வில்லை. என் அவசரத்தால் பதினான்கு பேருடைய வேலையும் ஒரு நாள் முழுவதும் நின்றுபோயிற்று.

நம் மன்றத்து நண்பர்கள் பலர் இன்று ஆய்வுக்கூடங்களில் இருக்கிறார்கள். 'கணினி கொஞ்சம் தெரியும்' என்று வாய்தவறிச் சொன்னவர் தலையில் கூடத்துச் சர்வரைக் கட்டிவிடுவது எல்லாத் துறைகளிலும் உள்ள வழக்கம். முறையாக இதைப் பயின்றவர்கள் நம்மில் குறைவு. ஆகவே நான் பட்டு அறிந்ததைப் பிறர் படாமல் அறிந்துகொள்ளட்டும் என்னும் எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் கூடத்துச் சர்வரில் 'மாணவர்கள்' என்று ஒரு பெரிய ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஃபோல்டர். அவரவர் ஃபோல்டரை அவரவர் மட்டுமே திறக்கலாம். ஆய்வு முடித்து வெளிநாடு சென்றுவிட்ட வங்காளத்து நண்பர் ஒருவரின் ஃபோல்டரும் அதில் இருந்தது. அவருடைய கட்டுரையைப் பார்வையிட்ட மதிப்பீட்டாளர்கள் சில ஐயங்களை எழுப்பியிருந்தார்கள். பத்து நாட்களுக்குள் மறுமொழி அனுப்ப வேண்டும். மூல அளவீடுகள் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. "எடுத்துக் கொடு" என்றார் பேராசிரியர்.

நிர்வாகியாக நுழைந்து ஃபோல்டரைத் திறந்தேன். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று பதில் வந்தது. எனக்கே மறுப்பா என்று ரோஷம் பிறந்தது. அந்த ஒரு ஃபோல்டரோடு நில்லாமல், மேலே இருந்த 'மாணவர்கள்' ஃபோல்டரையே பிடித்து, அதன் உடைமையை என் பெயருக்கு மாற்றினேன். 'உள்ளே இருப்பவற்றுக்கும் மாற்றுக' என்ற கட்டத்திலும் குறியிட்டேன். கணினி என்னை எச்சரிக்கத்தான் செய்தது: 'இதைப் படிக்க உமக்கு அனுமதி இல்லை. இருக்கும் அனுமதிகளை நீக்கிவிட்டு, முழு உரிமையை உமக்கு அளிக்கவா?' எச்சரிக்கையைப் படிக்காமல் 'ஆம்' என்றேன்.

வேண்டிய கோப்புகள் கிடைத்தன. மகிழ்ச்சியோடு உறங்கப் போனேன். காலை எட்டு மணிக்கு ஒடிசாவிலிருந்து வந்து படிக்கும் சக மாணவி என் அறைக்குத் தொலைபேசினார். பத்து மணிக்கு அவருக்குக் கருத்தரங்கு. அவருடைய படங்களும் உரையும் அவருடைய ஃபோல்டரில் இருந்தன. ஆனால் அவருடைய ஃபோல்டர் அவருக்கே திறக்கவில்லை! சற்று நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார்கள். பதினான்கு ஃபோல்டர்களிலும் உரியவர் பெயர் போய், என் பெயர் மட்டும் நின்றிருந்தது.

பூட்டு யாருடையது?

கணினி மையத்தில் பணிபுரியும் நம் ஊர் அண்ணன் ஒருவரிடம் ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"தம்பி, ஹாஸ்டலில் உன் அறைக்குப் போட்டிருக்கும் பூட்டு யாருடையது?"

"என்னுடையது, அண்ணா. ஊரிலிருந்து வரும்போது அப்பா வாங்கிக் கொடுத்த திண்டுக்கல் பூட்டு."

"வார்டனிடம் அதற்குச் சாவி உண்டா?"

"இல்லை."

"ஆனால் வேண்டியபோது பூட்டை உடைக்க அவருக்கு அதிகாரம் உண்டா இல்லையா?"

"உண்டு."

"அவ்வளவுதான். நீ வார்டன். உன்னிடம் சாவி இல்லை, உடைக்கும் அதிகாரம் இருக்கிறது. நேற்று நீ ஓர் அறையைப் பார்க்க, பதினான்கு அறைகளின் பூட்டையும் உடைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் உன் பூட்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாய்."

இந்த உவமை ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஃபோல்டர் அனுமதிகளின் இயல்பு முழுவதும் விளங்கிவிடும். ஒவ்வொரு ஃபோல்டரின் மீதும், ஒவ்வொரு கோப்பின் மீதும், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பட்டியல் தொங்குகிறது. யார் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். வருபவர் எவராயினும் அவர் பெயரையோ, அவர் சார்ந்த குழுவின் பெயரையோ அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டே கணினி உள்ளே விடும். நிர்வாகியும் இதற்கு விலக்கல்லர். பட்டியலில் நிர்வாகிகள் குழு இடம்பெறாவிட்டால், அவருக்கும் மறுப்பே.

இது புதிய கருத்தன்று. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை தோன்றிய நாளிலேயே இந்தத் தேவையும் தோன்றிவிட்டது. 1965-ஆம் ஆண்டில் டேலி, நியூமன் என்னும் இருவர் 'மல்டிக்ஸ்' அமைப்புக்கான கோப்பு முறையை விளக்கி எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு கோப்புக்கும் இத்தகைய பட்டியல் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். பின்னர் வந்த 'யூனிக்ஸ்' இதைச் சுருக்கி, உடையவர், குழுவினர், ஏனையோர் என்று மூன்றே வகையாக்கிக்கொண்டது. 1993-இல் 'விண்டோஸ் என்டி'யோடு வந்த 'என்டிஎஃப்எஸ்' என்னும் கோப்பு முறை விரிவான பட்டியலை மறுபடியும் கொண்டுவந்தது. நம் கூடங்களில் உள்ள விண்டோஸ் சர்வர்கள் இன்றும் பின்பற்றுவது இதையே. இனி, திறவாத ஃபோல்டர் முன்னே நிற்கும் நிர்வாகி எதை எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைக் காண்போம்.

வாயில்கள் இரண்டு

ஹாஸ்டலுக்கு வெளிவாயில் ஒன்று உண்டு; அறைக் கதவு ஒன்று உண்டு. வாயிற்காவலர் விட்டாலும் அறை பூட்டியிருந்தால் பயனில்லை. அறை திறந்திருந்தாலும் வாயிற்காவலர் விடாவிட்டால் பயனில்லை. நெட்வொர்க் வழியாக ஒரு ஃபோல்டரை அடைபவருக்கும் இப்படி இரண்டு வாயில்கள் இருக்கின்றன. பகிர்வுக்கு உரிய 'ஷேர்' அனுமதி வெளிவாயில். ஃபோல்டர் மீதுள்ள பட்டியல் அறைக் கதவு. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும்.

புதிதாக ஒரு ஃபோல்டரைப் பகிரும்போது, விண்டோஸ் வழக்கமாக 'எவரும் படிக்கலாம்' என்ற அளவில்தான் வெளிவாயிலைத் திறக்கிறது. உள்ளே எழுதும் உரிமையைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, 'ஏன் சேமிக்க முடியவில்லை?' என்று தலையைச் சொறிபவர்கள் மறந்தது இதைத்தான். ஆகவே முதற்சோதனை இது: அதே பயனர் பெயரில் சர்வரின் முன் அமர்ந்து திறந்து பார்க்க வேண்டும். அங்கே திறந்து, நெட்வொர்க்கில் மட்டும் மறுக்கப்பட்டால், குற்றம் வெளிவாயிலில் இருக்கிறது. இரண்டிடத்திலும் மறுக்கப்பட்டால், அறைப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அடையாளச் சீட்டு

இரண்டாவது சோதனை, வந்திருப்பவர் யார் என்பது. நாம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் கணத்தில், நாம் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்று எழுதி, கணினி நமக்கு ஓர் அடையாளச் சீட்டைத் தயாரித்துக்கொள்கிறது. அன்றைய வேலை முழுவதும் அந்தச் சீட்டைக் காட்டித்தான் நடக்கிறது. காலையில் ஒருவர் நுழைந்துவிட்டார். பத்து மணிக்கு நாம் அவரைப் புதிய குழுவொன்றில் சேர்க்கிறோம். அவர் கையிலுள்ள சீட்டோ பழையது. 'சேர்த்துவிட்டேன், பாருங்கள்' என்று நாம் சொல்ல, 'இன்னும் திறக்கவில்லை' என்று அவர் சொல்ல, பாதி நாள் இதிலேயே கழியும். மருந்து எளிது: ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். 'ஹூஆம்ஐ' என்னும் கட்டளையைக் குழுக்களையும் காட்டுமாறு கேட்டால், சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்தே பார்க்கலாம்.

நிர்வாகிகளை மட்டும் திகைக்க வைக்கும் ஒரு புதிரும் இந்தச் சீட்டில் ஒளிந்திருக்கிறது. பட்டியலில் 'நிர்வாகிகளுக்கு முழு உரிமை' என்று தெளிவாக எழுதியிருக்கும். நாமும் அந்தக் குழுவில் இருப்போம். ஆயினும் சர்வரில் நேரே நுழைந்து திறந்தால் மறுக்கும்! காரணம், 'விஸ்டா' காலம் தொட்டு விண்டோஸ் கொண்டுள்ள 'யூஏசி' என்னும் பாதுகாப்பு. நிர்வாகி நுழைந்தாலும், அன்றாட வேலைகளுக்கு அவரிடம் அதிகாரம் குறைந்த சீட்டையே அது கொடுக்கிறது. வார்டன் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரண உடையில் உலவுவதைப் போல என்க. அவர் தவறுதலாகத் திறந்த ஒரு கெட்ட நிரல், வார்டனின் அதிகாரத்தோடு ஊரைச் சூறையாடக் கூடாது என்பதே நோக்கம்.

அப்போது திரையில் 'தொடர்க' என்றொரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் ஃபோல்டர் திறந்துவிடும். ஆனால் அது செய்யும் வேலை வேறு: நம் சொந்தப் பெயரைப் பட்டியலில் நிரந்தரமாக எழுதிவிடுகிறது. நாளை நம்மை நிர்வாகப் பொறுப்பிலிருந்து நீக்கினாலும் அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். இப்படிப் பல ஆண்டுகளில், எப்போதோ போய்விட்ட நிர்வாகிகளின் பெயர்கள் எத்தனையோ ஃபோல்டர்களில் படிந்துவிடுகின்றன. நல்ல வழி என்னவெனில், கோப்புகளைக் கவனிப்பதற்கென்று தனியே ஒரு குழுவை அமைத்து, அந்தக் குழுவுக்குப் பட்டியலில் உரிமை கொடுப்பதாகும். அந்தக் குழுவின் பெயரைச் சீட்டிலிருந்து யூஏசி குறைப்பதில்லை.

அனுமதியும் மறுப்பும்

மூன்றாவதாகப் பட்டியலையே படிக்க வேண்டும். ஃபோல்டரின் 'ப்ராபர்ட்டீஸ்' சென்று, 'செக்யூரிட்டி' பகுதியில் 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தினால் முழுப் பட்டியலும் தெரியும். வரிகள் இருவகை. அந்த ஃபோல்டருக்கென்றே நேரடியாக எழுதப்பட்டவை ஒருவகை; மேலேயுள்ள ஃபோல்டரிலிருந்து வழிவழியாக இறங்கி வந்தவை மற்றொரு வகை. ஒவ்வொரு வரியும் 'அனுமதி' என்றிருக்கலாம், 'மறுப்பு' என்றும் இருக்கலாம்.

மறுப்பு எப்போதும் வெல்லும் என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. நேரடி மறுப்பு முதலாவது. நேரடி அனுமதி இரண்டாவது. வழிவந்த மறுப்பு மூன்றாவது. வழிவந்த அனுமதி நான்காவது. இந்த வரிசையில்தான் கணினி படிக்கிறது. ஆகவே மேலிருந்து வந்த மறுப்பை, ஃபோல்டரிலேயே எழுதிய அனுமதி வென்றுவிடும். 'எல்லாரும்' என்ற குழுவுக்கு மறுப்பு எழுதுபவர் தம்மையும் வெளியே பூட்டிக்கொள்கிறார், ஏனெனில் நிர்வாகியும் அந்த 'எல்லாரில்' ஒருவரே. பெரும்பாலும் மறுப்பு வரியே தேவைப்படாது. வேண்டாதவர் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் இருந்தாலே போதும்.

வழிவரும் தொடர்ச்சி சில ஃபோல்டர்களில் வெட்டப்பட்டிருக்கும். அங்கே மேலே நாம் என்ன மாற்றினாலும் கீழே இறங்காது. பயனர்களின் 'டாக்குமென்ட்ஸ்' போன்றவற்றைச் சர்வருக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டில், 'பயனருக்கு மட்டுமே உரிமை' என்ற கட்டம் தானாகவே குறியிடப்பட்டு வருவதால், நிர்வாகிகள் வெளியே நிற்கும் நிலை பல இடங்களில் உண்டாகிறது. இது பழுதன்று; வேண்டுமென்றே வைத்த பூட்டு. அதைப் பழுது என்று நினைத்துத் திருத்தப் புகுந்ததே நான் செய்த முதற்பிழை.

இங்கே இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்தால், புதிய இடத்தின் பட்டியலை அது ஏற்றுக்கொள்கிறது. அதே வட்டுப் பகுதிக்குள் நகர்த்தினாலோ, பழைய பட்டியலைச் சுமந்துகொண்டே வருகிறது. பக்கத்துக் கோப்பு திறக்க, இது மட்டும் ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்குப் பல வேளைகளில் இதுவே விடை.

பெயர் ஒன்று, எண் வேறு

வங்காளத்து நண்பரின் ஃபோல்டரை நான் மாற்றாமல் இருந்திருந்தாலும், அதன் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்காது. 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றே இருந்திருக்கும். கணினிக்கு நம் பெயர் ஒரு பொருட்டன்று. ஒவ்வொரு கணக்குக்கும் அது தரும் அடையாள எண்ணே பட்டியலில் எழுதப்படுகிறது. நமக்குக் காட்டும்போது மட்டும் பெயராக மாற்றிக் காட்டுகிறது. அவர் போனபின் அவருடைய கணக்கை நீக்கிவிட்டார்கள். பெயர் போயிற்று, எண் மட்டும் நின்றது.

சரி, அதே பெயரில் கணக்கைப் புதிதாக உண்டாக்கினால் என்ன? பயனில்லை. புதுக்கணக்குக்குப் புது எண். கல்லூரியில் ஒரே பெயருடைய இருவரைப் பதிவெண் பிரித்துக் காட்டுவதைப் போன்றதே இது. எனவே ஒருவர் கூடத்தை விட்டுப் போகும்போது கணக்கை உடனே நீக்காமல், முடக்கி வைப்பது நல்லது. அவருடைய ஃபோல்டரை யாரிடம் ஒப்படைப்பது என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

பூட்டை உடைக்கும் முறை

எல்லாம் பார்த்தும் வழியில்லை என்றால் மட்டுமே உடைமையை மாற்ற வேண்டும். உடையவர், பட்டியலில் தம் பெயர் இல்லாவிட்டாலும், பட்டியலைத் திருத்தும் உரிமை உள்ளவர். நிர்வாகியோ, உடையவராகத் தம்மை ஆக்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி புலப்படும்: முதலில் உடைமை, பிறகு பட்டியலில் ஒரு வரி, அதன்பின் நுழைவு.

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு. வேண்டிய அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் தொட வேண்டும், மேலேயிருப்பதைத் தொடலாகாது. இருக்கும் வரிகளை நீக்காமல், நம் குழுவின் வரியை மட்டும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். உள்ளே உள்ள ஃபோல்டர்களுக்குப் படிப்படியாகச் செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் 'ஆம்' சொல்லும் கட்டளைகளை நம்பக் கூடாது. வேலை முடிந்ததும் உடைமையை உரியவருக்கே திருப்பிவிட வேண்டும். 'ஐகேக்ல்ஸ்' என்னும் கட்டளை இவற்றுக்கெல்லாம் துணை செய்யும். பட்டியல்களை ஒரு கோப்பில் சேமித்து வைக்கவும், தவறு நேர்ந்தால் அப்படியே மீட்டு வைக்கவும் அதற்குத் தெரியும். கைவைக்கும் முன் சேமிப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவிடவில்லை. ஆகவே பதினான்கு ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டியதாயிற்று. ஒடிசா மாணவியின் ஃபோல்டரை ஒன்பதரை மணிக்குத் திறந்து கொடுத்தேன். கடைசி ஃபோல்டர் முடிந்தபோது மாலை ஆறு மணி.

இத்தனை தொல்லை எதற்கு, 'எல்லாருக்கும் முழு உரிமை' என்று எழுதிவிட்டால் மறுப்பே வராதே என்று சிலர் கேட்கலாம். வராதுதான். பூட்டே இல்லாத ஹாஸ்டலில் சாவி தொலையும் கவலை இல்லை. ஆனால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கெட்ட நிரல் ஒன்று ஒருவர் கணினியில் புகுந்தால், அவருக்கு எழுத உரிமையுள்ள இடமெல்லாம் அதற்கும் உரிமையுள்ள இடமே. ஒவ்வொருவருக்கும் தம் வேலைக்கு வேண்டிய குறைந்த அளவு உரிமையே இருக்க வேண்டும் என்று சால்ட்ஸர், ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1975-இல் எழுதிவைத்த நெறி இன்றும் பழசாகவில்லை.

அன்று மாலை இன்னொன்றும் என்னை உறுத்தியது. பதினான்கு ஃபோல்டர்களும் ஓர் இரவு முழுவதும் எனக்குத் திறந்து கிடந்தன. அவற்றில் முடிவுறாத கட்டுரைகள் இருந்தன. வேலைக்கான விண்ணப்பங்கள் இருந்தன. வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் இருந்திருக்கலாம். நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் பார்க்கவில்லை என்பதற்கு என் சொல்லைத் தவிரச் சான்று ஏது? அன்றே பதினான்கு பேருக்கும் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டேன். பெரும்பாலோர் சிரித்து மறந்தார்கள். ஒருவர் மட்டும் தம் கோப்புகளைச் சர்வரிலிருந்து எடுத்துச் சென்றுவிட்டார். அவர் இன்னும் திரும்ப வைக்கவில்லை.

நண்பர்களே, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி நம்மை அவமதிக்க வருவதன்று. 'இங்கே ஒருவர் ஒரு காரணத்தோடு பூட்டு வைத்திருக்கிறார், அது யார், ஏன் என்று அறிந்தபின் வா' என்று அது நமக்குச் சொல்கிறது. முதலில் எந்த வாயில் என்று பாருங்கள். அடுத்துக் கையிலுள்ள சீட்டைப் பாருங்கள். பிறகு பட்டியலைப் படியுங்கள். உடைக்கும் அதிகாரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பயன்படுத்த நேர்ந்தால், அறைக்கு உரியவருக்கு முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.